குழந்தையை அளக்கும் கோல்

பெங்களூரிலிருந்து ஓசூர் நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், கர்நாடக மாநிலத்தின் எல்லையில் அமைந்திருக்கும் ஊர் அத்திபெலே. ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூரைத் தாண்டியதும் தமிழ்நாட்டின் ஜூஜூவாடி வந்துவிடுகிறது, அதையடுத்து ஓசூர். மண்ணின் நிறத்திலோ வீசும் காற்றிலோ எந்த வேறுபாடும் இல்லை. வேலைக்குச் செல்வோரைச் சுமந்தபடி பேருந்துகள் இரு திசைகளிலும் விரைகின்றன. தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது ஆகிய மொழிகள் எல்லையின் இருபுறத்துத் தெருக்களிலும் கலந்து ஒலிக்கின்றன. ஆயினும் ஒரு குழந்தையைப் பள்ளியில் சேர்க்க வேண்டிய நாள் வரும்போது, கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோடு ஓர் உயர்ந்த மதிலாகிவிடுகிறது.

எல்லையில் நிற்கும் ஒரு தந்தை

ஒரு தந்தையைக் கற்பனை செய்துகொள்வோம். அவருக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. குடியிருப்பது அத்திபெலேயில். வீட்டில் பேசுவது தமிழ். மகளை எந்தப் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பது? அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு விதமாகக் கூறுகின்றனர். ‘அங்கே மொழிச் சுமை குறைவு’ என்கிறார் ஒருவர். ‘இங்கே படித்தால்தான் நுழைவுத் தேர்வில் வெற்றி பெறலாம்’ என்கிறார் இன்னொருவர்.

அவருடைய கவலை அற்பமானதன்று. கர்நாடகத்தில் தொழிற்கல்விக்கான அரசு இடங்களைப் பெறும் தகுதிக்கு, அம்மாநிலத்தில் குறைந்தது ஏழு ஆண்டுகள் படித்திருக்க வேண்டும் என்பது முதன்மையான நிபந்தனைகளுள் ஒன்று. தமிழ்நாட்டில் 2020ஆம் ஆண்டு மருத்துவப் படிப்பில் கொண்டுவரப்பட்ட 7.5 சதவீத உள் ஒதுக்கீடோ, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு உரியது. ஆகவே குழந்தைப் பருவத்தில் பெற்றோர் எடுக்கும் முடிவு, பதினெட்டாம் வயதில் வந்து கணக்குக் கேட்கிறது. அந்த முடிவில் குழந்தைக்கு எந்தப் பங்கும் இல்லை.

இரண்டு முறைகளில் எது சிறந்தது என்று அத்தந்தை கேட்கிறார். இக்கேள்விக்கு விடை காணும் முன், எந்தக் கோலைக் கொண்டு அளக்கிறோம் என்பதைச் சற்றுச் சிந்திக்க வேண்டியிருக்கிறது.

இரு முறைகள்

தமிழ்நாட்டில் முதல் ஐந்து வகுப்புகள் தொடக்கப் பள்ளி. பின்னர் நடுநிலை, உயர்நிலை, மேல்நிலை என்று படிகள் உயர்கின்றன. 1978ஆம் ஆண்டு மேல்நிலைக் கல்வி தொடங்கப்பட்டபோது, பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான படிப்பு பள்ளியின் கூரைக்குள்ளேயே வந்துவிட்டது. கர்நாடகத்திலோ பத்தாம் வகுப்புடன் பள்ளிப் பருவம் ஒருவாறு முடிந்துவிடுகிறது. அதன்பின் இரண்டு ஆண்டுகள் பி.யு.சி. எனப்படும் புகுமுக வகுப்பு. அதற்குப் பெரும்பாலும் தனிக் கல்லூரிகள். பதினைந்து வயதில் ஒரு மாணவி தன் ஆசிரியர்களையும் தோழிகளையும் விட்டுப் புதிய இடத்திற்குச் செல்கிறாள். சிலருக்கு அது சிறகு. சிலருக்கு அது வேரறுந்த நிலை.

1968ஆம் ஆண்டு முதல் தமிழ்நாடு இருமொழிக் கொள்கையைக் கடைப்பிடித்து வருகிறது. கர்நாடகத்துப் பத்தாம் வகுப்பு மாணவர்களோ நீண்ட காலமாக மூன்று மொழிகளைக் கற்றுத் தேர்வு எழுதி வந்துள்ளனர். ஒரு பக்கம் ஐந்து பாடங்களுக்கு 500 மதிப்பெண்கள் என்றும், மறுபக்கம் ஆறு பாடங்களுக்கு 625 மதிப்பெண்கள் என்றும் கணக்கு அமைந்தது இதனால்தான்.

உயர்கல்வியின் வாயிலிலும் வேறுபாடு உண்டு. கர்நாடகம் 1994ஆம் ஆண்டு முதல் பொது நுழைவுத் தேர்வை நடத்தி வருகிறது. கிராமப்புற மாணவர்களுக்கும் கன்னட வழியில் படித்தவர்களுக்கும் தனி ஒதுக்கீடு வழங்குகிறது. தமிழ்நாடோ 2007ஆம் ஆண்டு முதல் பொறியியல் படிப்புக்கு நுழைவுத் தேர்வை நீக்கி, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களையே அடிப்படையாகக் கொண்டது. தனிப் பயிற்சி நிலையங்களுக்குப் பணம் கட்ட இயலாத கிராமத்துப் பிள்ளைக்கு நுழைவுத் தேர்வு ஒரு தடை என்பது தமிழ்நாட்டின் வாதம். பல்வேறு வாரியங்களில் படித்தவர்களை ஒரே அளவுகோலால் அளக்க ஒரு பொதுத் தேர்வு வேண்டும் என்பது மறுபுறத்து வாதம். இரு வாதங்களும் நீதியின் பெயரால்தான் எழுகின்றன.

பசித்த வயிற்றுடன் பாடம் கேட்க முடியாது என்பதில் மட்டும் இரு மாநிலங்களும் ஒன்றுபடுகின்றன. 1956இல் காமராஜர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்தது. 2022இல் காலை உணவும் சேர்ந்தது. கர்நாடகத்தில் 2002இல் ‘அக்ஷர தாசோஹ’ என்ற பெயரில் மதிய உணவுத் திட்டமும், 2013இல் பால் வழங்கும் ‘க்ஷீர பாக்ய’ திட்டமும் தொடங்கப்பட்டன. உணவைப் பரிமாறும்போது எந்தப் பிள்ளை முதல் மதிப்பெண் பெற்றது என்று யாரும் கேட்பதில்லை. பள்ளியில் எந்த நிபந்தனையுமின்றிக் கிடைப்பது அந்த ஒரு கவளம் மட்டும்தானோ என்று எண்ணத் தோன்றுகிறது.

தன் நியாயமும் பிறர் நியாயமும்

ஒப்பிடுதலில் ஓர் இடர் உண்டு. மனிதன் தன் வீட்டு வழக்கத்தை இயற்கை என்றும், அடுத்த வீட்டு வழக்கத்தை விசித்திரம் என்றும் கருதுகிறான். மொழிக் கல்வியை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாடு 2006ஆம் ஆண்டு தமிழ் கற்றல் சட்டத்தை இயற்றியது. அதன்படி ஒன்றாம் வகுப்பிலிருந்து தொடங்கிப் படிப்படியாகப் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடமாயிற்று. கர்நாடகம் 2015ஆம் ஆண்டு கன்னட மொழி கற்றல் சட்டத்தை இயற்றியது. தன் மண்ணின் மொழியைத் தன் பிள்ளைகள் அறிய வேண்டும் என்ற விருப்பம் இயல்பானது, போற்றத்தக்கதும்கூட.

ஆனால் ஓசூரில் தலைமுறை தலைமுறையாகக் கன்னடமும் தெலுங்கும் பேசி வாழும் குடும்பங்கள் உள்ளன. அத்திபெலேயிலும் பெங்களூரிலும் தமிழ் பேசும் குடும்பங்கள் உள்ளன. ஓசூரின் கன்னடத் தாய் தன் பிள்ளைக்குக் கன்னடப் பாடம் இல்லாமற் போய்விடுமோ என்று அஞ்சும்போது, அவளுடைய அச்சம் தமிழனுக்குப் பிடிவாதமாகத் தெரியலாம். பெங்களூரின் தமிழ்த் தாய் அதே அச்சத்தை அடையும்போது, அது கன்னடனுக்குப் பிடிவாதமாகத் தெரியலாம். இருவரையும் அருகருகே அமர்த்தினால், அவர்களுடைய கண்ணீரில் எந்த மொழி வேறுபாடும் இருக்காது. நமக்கு உரிமையாகத் தோன்றுவது அடுத்தவருக்கு வற்புறுத்தலாகத் தோன்றினால், நம்முடைய அளவுகோலை ஒருமுறை திருப்பிப் பார்ப்பது அறத்தின் முதற்படி. தனக்கு எது துன்பமோ அதைப் பிறருக்குச் செய்யாதிருத்தல் என்ற எளிய நெறி, மாநிலங்களுக்கும் பொருந்தும்.

ஐரோப்பாவில் இரு நாடுகள்

இந்த எல்லையிலிருந்து சற்று விலகி, தொலைவில் உள்ள இரண்டு நாடுகளைப் பார்ப்போம். நமக்குச் சொந்தமில்லாத இடத்தில் பற்றின்றிச் சிந்திப்பது எளிது.

ஜெர்மனியில் கல்வி, பதினாறு மாநிலங்களின் பொறுப்பில் உள்ளது. பெரும்பாலான மாநிலங்களில் குழந்தைகள் நான்கு ஆண்டுகள் மட்டுமே ஒன்றாகப் படிக்கின்றனர். ஏறத்தாழ பத்து வயதில் அவர்கள் தரம் பிரிக்கப்படுகின்றனர். ‘கிம்நாசியம்’ என்ற பள்ளி பல்கலைக்கழகத்தை நோக்கிச் செல்கிறது. பிற வகைப் பள்ளிகள் பெரும்பாலும் தொழிற்பயிற்சியை நோக்கிச் செல்கின்றன. இம்முறையின் நன்மையை மறுப்பதற்கில்லை. தொழிற்கூடத்திலும் பள்ளியிலும் மாறிமாறிக் கற்பிக்கும் அந்நாட்டுத் தொழிற்பயிற்சி உலகப் புகழ் பெற்றது. கைத்தொழிலுக்கு அங்கே மதிப்பு உண்டு.

பின்லாந்திலும் ஒரு காலத்தில் இதே போன்று இளம்வயதில் பிரிக்கும் முறைதான் இருந்தது. 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக அந்நாடு அதைக் கைவிட முடிவு செய்தது. 1972இல் வடகோடியில் தொடங்கி, 1977க்குள் நாடு முழுவதும் எல்லாக் குழந்தைகளும் ஒன்பது ஆண்டுகள் ஒரே பள்ளியில் படிக்கும் முறை வந்தது. 1980களின் நடுவில் வகுப்புக்குள் திறன்வாரியாகப் பிரிப்பதும் நிறுத்தப்பட்டது. பள்ளியின் இறுதி ஆண்டுவரை நாடு தழுவிய பொதுத் தேர்வு இல்லை. ஆசிரியர்கள் முதுகலைப் பட்டம் பெற்றிருக்க வேண்டும். 1948ஆம் ஆண்டு முதல் அங்கும் பள்ளியில் இலவச உணவு உண்டு.

2001ஆம் ஆண்டின் இறுதியில் பன்னாட்டுத் திறனாய்வு ஒன்றின் முடிவுகள் வெளியாயின. பின்லாந்து முன்னணியில் நின்றது. ஜெர்மனி சராசரிக்கும் கீழே இருந்தது. அதைவிட அந்நாட்டை அதிகமாக உலுக்கிய செய்தி வேறொன்று: குழந்தையின் கற்றல், அதன் பெற்றோரின் சமூக நிலையுடன் அங்கே மிக இறுக்கமாகப் பிணைந்திருந்தது. பத்து வயதில் திறமையை அளப்பதாக எண்ணிய கோல், பெரும்பகுதி வீட்டுச் சூழலையே அளந்திருந்தது.

இதற்குப் பின்னும் மாற்றம் எளிதாக வந்துவிடவில்லை. ஹாம்பர்க் நகரம், குழந்தைகள் நான்கு ஆண்டுகளுக்குப் பதிலாக ஆறு ஆண்டுகள் ஒன்றாகப் படிக்கட்டும் என்று திட்டமிட்டது. 2010ஆம் ஆண்டு ஜூலை மாதம் பொதுமக்கள் வாக்கெடுப்பில் அதை நிராகரித்தனர். எல்லாக் குழந்தைகளும் முன்னேற வேண்டும் என்று விரும்பாதவர் அரிது. ஆனால் அதற்காகத் தன் குழந்தை இன்னும் இரண்டு ஆண்டுகள் அனைவருடனும் சேர்ந்து நடக்க வேண்டும் என்றால் மனம் தயங்குகிறது. இத்தயக்கம் ஹாம்பர்க்கிற்கு மட்டும் உரியதன்று.

பின்லாந்தையும் சொர்க்கமாகச் சித்திரிக்க வேண்டியதில்லை. 2006க்குப் பிறகு அந்நாட்டு மாணவர்களின் மதிப்பெண்கள் தொடர்ந்து சரிந்து வந்துள்ளன. ஒருமுறை அமைத்துவிட்டால் என்றென்றும் தானே இயங்கும் கல்விமுறை எதுவும் இல்லை; அதை ஒவ்வொரு தலைமுறையும் உழைப்பால் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது.

‘அதிகாரம்’ என்ற சொல்

இங்கு ஓர் ஆழமான கேள்வி எழுகிறது. மனிதர்கள் எல்லோரும் ஒரே திறமையுடன் இருப்பதில்லை. நம் சாஸ்திரங்களே ‘அதிகாரி’ என்ற கருத்தை முன்வைக்கவில்லையா? ஒரு நூலைக் கற்கத் தகுதியுடையவர் யார் என்பதை வேதாந்த நூல்கள் தொடக்கத்திலேயே கூறுகின்றன. அவ்வாறாயின் குழந்தைகளைத் தரம் பிரிப்பதில் தவறு என்ன?

அச்சொல், பிறப்பின் பெயரால் பலருக்குக் கதவை அடைப்பதற்கும் நம் நாட்டில் பயன்படுத்தப்பட்டது என்பதை மறைக்கலாகாது. ஆனால் வேதாந்தம் கூறும் தகுதிகள் எவை? விவேகம், வைராக்கியம், மன அடக்கம் முதலிய ஆறு பண்புகள், விடுதலைக்கான தீவிர ஏக்கம் ஆகியவையே. இவற்றில் ஒன்றுகூடப் பிறவியிலேயே முடிந்துபோனதன்று. அனைத்தும் பயிற்சியால் வளர்பவை. எனவே அதிகாரம் என்பது பக்குவத்தைக் குறிக்கும் சொல். தீர்ப்பைக் குறிக்கும் சொல் அன்று. காயாக இருப்பதைக் கனியன்று என்று கூறலாம். ஒருபோதும் கனியாது என்று கூற யாருக்கு உரிமை இருக்கிறது?

சாந்தோக்கிய உபநிஷதத்தில் இந்திரனும் விரோசனனும் பிரஜாபதியிடம் ஆத்ம ஞானம் நாடி வருகின்றனர். இருவரும் முப்பத்திரண்டு ஆண்டுகள் பிரம்மச்சரியம் காக்கின்றனர். முதல் உபதேசத்தைக் கேட்டதும், நீரில் தெரியும் உடலின் பிரதிபிம்பமே ஆத்மா என்று இருவருமே தவறாகப் புரிந்துகொண்டு, மனநிறைவுடன் திரும்புகின்றனர். அந்நாளில் ஒரு தேர்வு வைத்திருந்தால் இருவரும் ஒரே விதமாகத் தோல்வியடைந்திருப்பார்கள். ஆனால் இந்திரன் வழியிலேயே சந்தேகம் கொண்டு திரும்பி வருகிறான். மீண்டும் தங்குகிறான், மீண்டும் சந்தேகம், மீண்டும் வருகிறான். இவ்வாறு நூற்றொரு ஆண்டுகள் கழிந்த பின்னரே அவனுக்கு உண்மை விளங்குகிறது.

இந்தக் கதையில் மாணவனின் பெருமையைப் பலரும் பேசுகின்றனர். ஆசிரியரின் பெருமையையும் கவனிக்க வேண்டும். பிரஜாபதி கதவைச் சாத்தவில்லை. ஒருமுறை தவறியவன் தகுதியற்றவன் என்று முத்திரை குத்தவில்லை. தேடுபவன் எத்தனை முறை திரும்பி வந்தாலும் இடம் இருந்தது.

ஒரு மறுப்பு

‘தேர்வே வேண்டாம் என்றால் குழந்தை என்ன கற்றது என்பது எப்படித் தெரியும்? எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளையை எட்டாம் வகுப்பு வரை தள்ளிக்கொண்டு போவதுதான் கருணையா?’ என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கற்பிக்காமலே தேர்ச்சி அளிப்பது கருணையன்று. அது நாகரிகமான புறக்கணிப்பு. தோல்வியால் வெளியேற்றுவதைவிட அது மென்மையாகத் தோன்றலாம். ஆனால் முடிவில் ஏமாறுவது அதே குழந்தைதான்.

எனவே வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். மருத்துவரும் சோதிக்கிறார், நீதிபதியும் விசாரிக்கிறார். மருத்துவர் சோதிப்பது சிகிச்சை அளிப்பதற்காக. நீதிபதி விசாரிப்பது தீர்ப்பு வழங்குவதற்காக. இளம் குழந்தைகளுக்குத் தேவைப்படுவது முதல் வகைச் சோதனை. 2022ஆம் ஆண்டில் தமிழ்நாடு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும், அதே காலத்தில் கர்நாடகம் மேற்கொண்ட ‘கலிகா சேதரிகெ’ என்னும் கற்றல் மீட்சித் திட்டமும், பெருந்தொற்றுக் காலத்தில் ஏற்பட்ட குறையைக் கண்டறிந்து ஈடுசெய்யும் நோக்கம் கொண்டவை. இவை மருத்துவரின் வழி.

ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத் தேர்வு நடத்த 2019இல் தமிழ்நாடு ஆணையிட்டது. பெற்றோர், ஆசிரியர் எதிர்ப்புக்குப் பின் 2020 பிப்ரவரியில் அதைத் திரும்பப் பெற்றது. கர்நாடகமும் அவ்வகுப்புகளுக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் வாரியத் தேர்வு நடத்த முற்பட்டது. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதன் முடிவுகளை வெளியிடத் தடை விதித்தது. அதே கர்நாடகம், பத்தாம் வகுப்புக்கும் பி.யு.சி. இரண்டாம் ஆண்டுக்கும் ஓராண்டில் மூன்று தேர்வு வாய்ப்புகளை அளிக்கும் முறையை அறிமுகப்படுத்தியது. தமிழ்நாடு 2025ஆம் ஆண்டில் பதினோராம் வகுப்புப் பொதுத் தேர்வைக் கைவிட்டது. இரு மாநிலங்களுமே தடுமாறித் தடுமாறி ஒரே கேள்வியுடன் போராடுகின்றன என்பது தெளிவு: ஒரு குழந்தையைப் பற்றி எப்போது முடிவு கூறலாம்?

கணக்கில் வராதவர்கள்

2023ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள், தீபாவளிக்குச் சில வாரங்களுக்கு முன், அத்திபெலேயில் ஒரு பட்டாசுக் கிடங்கு தீப்பற்றி எரிந்தது. பதினான்குக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பலர் தமிழ்நாட்டின் தருமபுரி போன்ற மாவட்டங்களிலிருந்து பண்டிகைக் கால வேலைக்காக வந்திருந்த இளைஞர்கள். படித்துக்கொண்டிருந்தவர்களும் அவர்களில் உண்டு.

மாநிலங்களின் தேர்ச்சி விகிதங்களை ஒப்பிடும் பட்டியலில் இவர்களுக்கு இடம் இல்லை. எல்லையின் இந்தப் பக்கம் சிறந்ததா, அந்தப் பக்கம் சிறந்ததா என்ற விவாதத்திலும் இவர்கள் வருவதில்லை. சில வாரக் கூலிக்காக எல்லையைக் கடந்த அப்பிள்ளைகளின் முன், எந்தக் கல்விமுறையும் பெருமையுடன் தலைநிமிர்ந்து நிற்க முடியாது. ஒரு கல்விமுறை எத்தனை பேரை உச்சியில் ஏற்றியது என்பது அதன் திறமையைக் காட்டலாம். வறுமையும் பின்தங்கிய சூழலும் உள்ள பிள்ளையை எவ்வளவு தூரம் உடனழைத்துச் சென்றது என்பதே அதன் அறத்தைக் காட்டும்.

நானூறு மெலிந்த பசுக்கள்

அத்திபெலேத் தந்தையின் கேள்விக்கு இப்போது ஓரளவு விடை கூறலாம். எந்த மாநிலம் என்று கேட்பதற்கு முன், எந்தப் பள்ளி என்று அவர் கேட்கட்டும். அங்கே பின்தங்கும் குழந்தையை ஆசிரியர் எப்படி நடத்துகிறார்? ஒருமுறை தவறிய பிள்ளைக்கு மறுமுறை வாய்ப்பு உண்டா? வீட்டு மொழி வேறாக இருப்பதற்காக எந்தக் குழந்தையாவது தலைகுனிய நேர்கிறதா? இக்கேள்விகளுக்கு நல்ல விடை கிடைக்கும் பள்ளி, எல்லையின் எப்பக்கத்தில் இருந்தாலும் நல்ல பள்ளி. அவ்விடையை எல்லாப் பள்ளிகளிலும் கிடைக்கச் செய்வது அரசுகளின் கடமை. அதைக் கேட்டுப் பெறுவது குடிமக்களின் கடமை. தன் குழந்தைக்காக மட்டுமன்றி அடுத்த வீட்டுக் குழந்தைக்காகவும் கேட்கும்போதுதான் அது அறமாகிறது.

சத்தியகாமன் கௌதமரிடம் கல்வி நாடி வந்தான். தன் குலம் எதுவென்று தன் தாய்க்கே தெரியாது என்பதை ஒளிக்காமல் கூறினான். அந்த உண்மை ஒன்றையே தகுதியாகக் கொண்டு குரு அவனை ஏற்றுக்கொண்டார். பிறகு தம் மந்தையிலிருந்து மெலிந்து நலிந்த நானூறு பசுக்களைப் பிரித்து அவனிடம் ஒப்படைத்தார். அவை ஆயிரமாகப் பெருகும்வரை திரும்புவதில்லை என்று உறுதி பூண்டு, அவன் அவற்றைக் காட்டிற்கு ஓட்டிச் சென்றான். பல ஆண்டுகள் கழிந்தன. பசுக்கள் ஆயிரமாயின. அவற்றை ஓட்டிக்கொண்டு திரும்பும் வழியில்தான் சத்தியகாமனுக்கு ஞானம் கிட்டியது.

கௌதமரும் மந்தையைப் பிரித்தார். ஆனால் மெலிந்தவற்றை ஒதுக்குவதற்காக அல்ல. முழுப் பொறுப்பேற்று வளர்க்கும் ஒருவனின் கையில் அவற்றைத் தருவதற்காக. அப்படிப் பிரிக்கத் தெரிந்த கல்வி, எந்த நாட்டில் இருந்தாலும், எல்லையின் எந்தப் பக்கம் இருந்தாலும், குழந்தைக்குத் துரோகம் செய்வதில்லை.